டன்ஷீலன் தொகுதியின் வரலாற்றை எழுதியவர்

செய்தி வந்தபோது நான் ஒரு வேட்புமனுவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் தேர்தல் பிரிவில் எனக்கு வேலை. அன்று மனுத் தாக்கலின் கடைசி நாள். பிற்பகல் நான்கு மணிக்குக் கதவை அடைத்துவிட வேண்டும். பத்தரை மணிபோல் தொலைபேசி அடித்தது. மரியநாயகம் அண்ணை குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஐலீன் பேசினார். "மிஸ்டர் நாயகம் காலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து இப்போதுதான் சொன்னார்கள். உங்களுக்குத்தான் முதலில் எடுக்கிறேன்" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு அந்த மனுவை முன்மொழிந்தவர்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பில் தேடும் வேலையைத் தொடர்ந்தேன். நான்கு மணிவரை ஒரு பிழையும் விடவில்லை. கதவை அடைத்த பிறகு கோப்புகள் வைக்கும் அறைக்குள் போய் அழுதேன்.

சூசைப்பிள்ளை மரியநாயகம் அவர்கள் எனக்கு உறவுக்காரர் அல்லர். என்னோடு வேலை செய்தவர். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்து, கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து, அகதியாக இங்கே வந்து, முப்பது வருடத்துக்கு மேல் மனோர் பார்க்கில் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். மனைவி பிள்ளைகள் இல்லை. அவரை அறிந்தவர்களில் ஒரு பகுதியினர் கடைசி ஆறு வருடமாக அவரோடு பேசுவதில்லை. அவர்கள் ஏன் பேசவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் போகிறேன். அதை விட்டுவிட்டு எழுதும்படி இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்கு மரியாதையோடு மறுப்புச் சொல்லிவிட்டேன்.

நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்தபோது அவர் அங்கே பழைய ஆள். உயரமான மனிதர், தோள் சற்று முன்னால் வளைந்திருக்கும். சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. மதியச் சாப்பாட்டை உள்ளே சாப்பிடமாட்டார். மீன் குழம்பின் மணம் மற்றவர்களுக்குப் பிடிக்காது என்று கார் நிறுத்தும் இடத்தின் பின்மதிலோடு கிடந்த நீள மர வாங்கில் போய் இருப்பார். குளிரிலும் அப்படித்தான். கொஞ்ச நாளில் நானும் என் பாண் துண்டோடு அங்கே போகத் தொடங்கினேன். என்னைத் "தங்கச்சி" என்பார். ஆனால் "நீர்", "உமக்கு" என்று ஒரு மரியாதை இடைவெளியோடுதான் கதைப்பார்.

அவரை நான் முதலில் சரியாகக் கவனித்தது ஒரு தேர்தல் நாளில். ஒரு ஆரம்பப் பாடசாலையில் இருந்த வாக்குச்சாவடிக்கு அவர் பொறுப்பு. நான் உதவி. நடுத்தர வயதுக் கணவர் ஒருவர் மனைவியோடு வாக்களிக்கும் மறைவுக்குள் கூடவே நுழையப் பார்த்தார். மரியநாயகம் அண்ணை எழும்பிப் போய் இருவருக்கும் நடுவில் நின்றார்.

"ஒரு நேரத்தில் ஒருவர்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் காட்ட வேண்டும்."

"உதவி வேண்டுமென்று அவர் கேட்டால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அவர் கேட்கட்டும்."

அந்தப் பெண் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்கு வாசிக்கத் தெரியும் என்று மெல்லச் சொன்னார். கணவர் சத்தம் போட்டார். அண்ணை அசையவில்லை. அந்தப் பெண் போட்டுவிட்டு வெளியே வரும்வரை அப்படியே நின்றார். பிறகு வந்து கதிரையில் இருந்தபோது பார்த்தேன், அவருடைய இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஏன் அண்ணை இப்பிடி நடுங்குது?"

"ஒண்டுமில்லை. பழைய பழக்கம்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. பதில் தெரிய எனக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது.

அவர் குடியிருந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகதியாக வந்த புதிதில் அவருக்குத் தங்க இடமில்லை. மனோர் பார்க்கில் பூசைக்குப் போன கத்தோலிக்கக் கோயிலின் சுவாமிதான் ஒரு அயர்லாந்து விதவையிடம் சொல்லி மேல்மாடி அறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவின் பெயர் நோரா. திருமதி டெம்ப்சி. ஐலீன் அவருடைய ஒரே மகள். கலியாணம் முடித்து வேறிடத்தில் இருந்தார். மேலே ஒரு தமிழர், கீழே ஒரு அயர்லாந்துக்காரி. இருவரும் ஒருவரையொருவர் மிஸ்டர், மிஸிஸ் என்றே கடைசிவரை அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் சேர்ந்து நடந்து போவார்கள்.

பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி கொடுப்பார்கள். அங்கே லாலர் என்ற இன்னொரு அயர்லாந்து முதியவர் வருவார். நோராவின் முன்னோரும் அவருடைய முன்னோரும் ஒரே பட்டணம். பெயர் டன்ஷீலன். ஆனால் நோரா இருக்கும் மேசையில் லாலர் இருக்கமாட்டார். ஒரு நாள் இடமில்லாமல் நோரா அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தபோது, அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாராம். மரியநாயகம் அண்ணை அதை நேரில் கண்டார். வீட்டுக்கு வரும் வழியில் காரணம் கேட்டார்.

"என் பாட்டனின் பாட்டன், மைக்கல் என்று ஒருவர். தேர்தலில் அவர் நிலப்பிரபுவின் ஆளுக்கு வாக்குப் போட்டார் என்கிறார்கள் லாலர் குடும்பம்" என்றாராம் நோரா. "எங்கள் வீட்டில் சொன்ன கதை வேறு. மைக்கல் எதிர்த்துப் போட்டதால்தான் பட்டணத்தில் இருக்கவிடாமல் துரத்தினார்கள் என்று என் அப்பா சொல்லுவார்."

"எப்ப நடந்தது இது?"

"நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருக்கும்."

அண்ணை இதை அடுத்த நாள் வாங்கில் இருந்து எனக்குச் சொன்னபோது, அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு கலக்கம் இருந்தது. "ஒரு வோட்டு, தங்கச்சி. ஒரே ஒரு வோட்டு. இன்னும் அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போகினம்" என்றார்.

டன்ஷீலன் என்ற தொகுதி இன்று இல்லை. அயர்லாந்தின் மேற்கே, கடல் ஓரம், ஒரு சிறு பட்டணம். முன்னொரு காலத்தில் அது லண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு உறுப்பினரை அனுப்பியது. பிறகு தொகுதிகளைத் திருத்தி அமைத்தபோது அதை மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். பட்டணத்து வீடுகளும் நிலமும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பம் காட்டுகிறவர்தான் பெரும்பாலும் உறுப்பினர். வாக்குரிமை சொற்பப் பேருக்குத்தான். 1872இல் இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வரும்வரை வாக்குச்சீட்டு என்ற ஒன்றே கிடையாது. வாக்காளர் எல்லோருக்கும் முன்னால் மேடையில் ஏறி, யாருக்கு வாக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு கிளாக்கர் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்வார். கீழே ஒரு பக்கம் நிலப்பிரபுவின் முகவர் நிற்பார். மறுபக்கம் பட்டணத்துச் சனம் நிற்கும். சொன்ன பிறகு இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்துக்கு முகம் கொடுக்க முடியாது.

எழுதி வைத்திருந்தால் எங்கேயாவது இருக்கும் என்று அண்ணை நோராவுக்குச் சொன்னார். தேர்தல் அலுவலகத்தில் இருப்பவர் சொன்னதால் நோரா நம்பினார். "கண்டுபிடித்துத் தாருங்கள் மிஸ்டர் நாயகம். அதை லாலரின் மூக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டப் போகிறேன்" என்றாராம்.

அதற்குப் பிறகு அவருடைய சனிக்கிழமைகள் எல்லாம் ஆவணக் காப்பகத்தில் போயின. பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கப் பழகவே ஒரு வருடம் எடுத்தது. இரண்டு முறை சொந்தச் செலவில் அயர்லாந்துக்கும் போனார். மைக்கலைத் தேடப் போனவர் தொகுதி முழுவதையும் தேடத் தொடங்கிவிட்டார். படித்ததை எல்லாம் நீல மட்டைக் கொப்பிகளில் எழுதினார், தமிழில். ஒரு தேர்தலில் எதிர்த்தரப்பு வாக்காளர் ஆறு பேரை ஒரு விடுதியில் அடைத்துச் சாராயம் கொடுத்து, வாக்கெடுப்பு முடிந்த பிறகு திறந்துவிட்ட கதை அதில் இருக்கிறது. இரண்டு வரிசைச் சிப்பாய்களுக்கு நடுவே நடந்துபோய் வாக்குச் சொன்ன ஒரு செருப்புத் தொழிலாளியின் கதை இருக்கிறது. திரும்பும்போது அவருக்கு அந்தச் சிப்பாய்களும் இல்லை. டன்ஷீலனை ஒருமுறைகூடக் கண்ணால் காணாமல் மூன்று பாராளுமன்றங்களில் அதன் உறுப்பினராக இருந்த ஒரு பிரபுவைப் பற்றி, ஒரு பக்கம் முழுக்க, கோபமே இல்லாமல் எழுதியிருக்கிறார்.

"தமிழில ஆர் அண்ணை இதை வாசிப்பினம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. அதாலதான் பயமில்லாமல் எழுதுறன்" என்றார்.

மைக்கலின் பெயர் அகப்பட்டது ஐந்தாம் வருடத்தில். அதை எனக்குச் சொன்ன மதியம் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"லாலர் சொன்னது சரி. நிலப்பிரபுவின்ர ஆளுக்குத்தான் சொல்லியிருக்கிறார்."

"ஐயோ."

"அது பரவாயில்லை. இன்னொண்டு இருக்குது. முகவர் எழுதின கடிதங்கள் பார்த்தனான். எதிர்த்துச் சொன்ன ஆக்களின்ர வீடுகளைப் பறிச்சிருக்கிறாங்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஜோன் லாலர். அவன்ர வீட்டையும் நிலத்தையும் மைக்கலுக்குக் குடுத்திருக்கிறாங்கள். பரிசாக."

"நோரா அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. எண்பது வயசு. கிடைக்கேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ. ஆருக்கு என்ன நட்டம்?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியைப் பக்கத்தில் தள்ளி வைத்தார். "அந்த மனிசன் ஏன் அப்பிடிச் செய்தார் எண்டு எனக்குத் தெரியாது. வீட்டில ஆறு பிள்ளையள் இருந்திருக்கு. கிளாக்கர் பேரையும் வோட்டையும்தான் எழுதுவான். பயத்தை எழுத அந்தக் கொப்பியில இடமில்லை" என்றார். பிறகு, "ஆனா நோரா என்னட்டைக் கேட்டது உண்மையை, தங்கச்சி. ஆறுதலைக் கேக்கேல்லை" என்றார்.

அன்று பின்னேரம் சொல்லிவிட்டார். பிரதியையும் மேசையில் வைத்தாராம். நோரா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "நான் கேட்டதைத் தந்துவிட்டீர்கள். இனி மேலே போங்கள்" என்றார். அதற்குப் பிறகு நாலு மாதம் அவரோடு பேசவில்லை. ஒரே வீடு, சமைக்க ஒரே குசினி. அவருக்கு வரும் கடிதங்களைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை தனித்தனியாக நடந்து பூசைக்குப் போனார்கள்.

அந்த நாலாம் மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து தேத்தண்ணி நேரத்தில், நோரா ஊன்றுகோலோடு லாலரின் மேசைக்குப் போனார். உட்காரவில்லை. நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "நீங்கள் சொன்னதுதான் உண்மை. உங்கள் வீட்டையும் நாங்கள்தான் எடுத்தோம். நான் பார்த்துவிட்டேன்."

லாலர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "இதைச் சொல்ல உங்கள் ஆட்களுக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது" என்றார். அவ்வளவுதான். எழும்பவும் இல்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. நோரா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அண்ணை வாசலில் மேலங்கியோடு நின்றார். வழியில் நோரா பேசினார். "நீங்கள் செய்தது சரி மிஸ்டர் நாயகம். ஆனால் நான் நன்றி சொல்லமாட்டேன்."

அதற்கடுத்த குளிர்காலத்தில் லாலர் இறந்தார். இரண்டு வருடம் கழித்து நோராவும் போனார். வீட்டை மரியநாயகம் அண்ணை சாகும்வரை அவரிடமிருந்து எடுக்கக்கூடாது என்று மகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஐலீன் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

நோராவை அடக்கம் செய்து ஒரு மாதம் இருக்கும். அண்ணை அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தேர்தல் நாட்களில் மட்டும் சாவடிப் பொறுப்புக்கு வந்துபோவார். ஒரு மதியம் அலுவலகத்துக்கு வந்து, "வாங்குக்கு வாரீரா?" என்று கேட்டார். அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னார்.

ஊரில் அவர் கச்சேரியில் இருந்த காலம். தீவுப் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாக்கெடுப்பு நிலையத்துக்குத் தலைமை தாங்கும் அலுவலராகப் போட்டார்கள். அவருக்கு அடுத்த அலுவலர் கனகசபை மாஸ்டர், பக்கத்து ஊர் வாத்தியார். காலையில் ஒரு சிலர்தான் வந்தார்கள். மத்தியானம் ஆயுதத்தோடு சிலர் வந்தார்கள். மிச்சமிருந்த வாக்குச்சீட்டுகளை மேசையில் பரப்பி, தங்கள் ஆளுக்கு நேரே புள்ளடி போட்டு, பெட்டிக்குள் திணித்தார்கள். யார் அவர்கள் என்று அண்ணை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"பிறகு வோட்டெடுப்பு அமைதியாக நடந்தது எண்டு எழுதி என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னாங்கள். வச்சன். மாஸ்டர் வைக்கமாட்டன் எண்டிட்டார். துவக்குப் பிடியால அடிச்சாங்கள். வலது காது கேளாமல் போச்சுது."

"உங்களுக்கு வேற வழி இருக்கேல்லை அண்ணை."

"பொறும். இன்னும் முடியேல்லை. மாஸ்டர் முறைப்பாடு எழுதினார். விசாரணைக்கு எங்களைக் கொழும்புக்குக் கூப்பிட்டவை. அங்க துவக்கு இல்லை. ஃபானுக்குக் கீழ கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, மரியாதையாகக் கேட்டவை. நான் என்ன சொன்னன் தெரியுமே? ஒண்டும் நடக்கேல்லை, மாஸ்டர் படியில தடக்கி விழுந்தவர் எண்டு சொன்னன்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"மாஸ்டர் எனக்குப் பக்கத்துக் கதிரையில இருந்தவர். என்னைப் பார்க்கேல்லை. பொய் முறைப்பாடு எண்டு அவரை வேலையால நிப்பாட்டினாங்கள். நான் திரும்பிக் கச்சேரிக்குப் போய் வேலை செய்தன். பிறகு இங்க வந்தன்."

கனகசபை மாஸ்டர் ஊரிலேயே இறந்துவிட்டார் என்று விசாரித்து அறிந்திருந்தார். மகள் பவானி தெற்கு லண்டனில், டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் என்பதும் அவருக்கு ஏழு வருடமாகத் தெரியும். அந்தக் கடைக்கு எதிர்ப்பக்கம் வரை மூன்று முறை போய்த் திரும்பியிருக்கிறார்.

"நோரா எண்பது வயசில எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டவ. அது அவ செய்த குற்றமும் இல்லை" என்றார். "நான் செய்தது என்ர. நீர் ஒருக்கால் கூட வாரீரா?"

ஒரு சனிக்கிழமை போனோம். கடையில் கூட்டம் இல்லை. பவானி அக்கா முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். அண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் பெயரையும் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னார். அந்த அம்மாவின் கை நின்றது.

"சொல்லுங்கோ" என்றார்.

அண்ணை எனக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். கொழும்பில் சொன்ன பொய்யை மட்டும் சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னார்.

"அப்பா ஒருநாளும் உங்கட பேரைச் சொன்னதில்லை. 'தலைமை தாங்கின அலுவலர்' எண்டுதான் சொல்லுவார். பேரைக் கேட்டால், அந்தாளுக்கும் பிள்ளை குட்டி இருக்கும், விடுங்கோ எண்டுவார்" என்றார் பவானி அக்கா.

"எனக்குப் பிள்ளையள் இல்லை."

"எங்களுக்கு இருந்தது. நாங்கள் அஞ்சு பேர். பள்ளிக்கூடத்தில எங்களைப் பொய்யன்ர பிள்ளையள் எண்டவை. அப்பா சாகுமட்டும் தோட்டத்தில கூலிக்குத் தண்ணி இறைச்சவர். படிப்பிச்ச மனிசன்."

அண்ணை தலைகுனிந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. கேட்க உரிமையில்லை என்று பிறகு எனக்குச் சொன்னார். பவானி அக்கா கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்து வைத்தார்.

"எழுதித் தாங்கோ. நடந்ததை நடந்தபடி. கீழ கையெழுத்தும் வைக்கோணும்."

அண்ணை அந்த மேசையிலேயே நின்று எழுதினார். இரண்டு பக்கம். அரை மணித்தியாலம் இருக்கும். அதற்கிடையில் வந்த ஆட்களுக்குப் பவானி அக்கா மறுபக்கமாகச் சாமான் நிறுத்துக் கொடுத்தார். எழுதி முடித்ததும் எடுத்து வாசித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "எந்தக் காது எண்டு எழுதேல்லை" என்றார். அண்ணை வாங்கி "வலது" என்று சேர்த்துக் கொடுத்தார்.

"தேத்தண்ணி தராமல் அனுப்புறன் எண்டு நினைக்காதேங்கோ. மனம் வரேல்லை" என்றார் பவானி அக்கா. குரல் தணிந்திருந்தது. "ஆனா வந்தீங்கள்."

அந்தக் கடிதத்தைப் பவானி அக்கா ஒளித்து வைக்கவில்லை. ஒளித்து வைக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. மாஸ்டரின் ஆண்டுத் திவசத்தில் வாசித்தார். ஊர்ச் சங்கத்துக்குப் பிரதி அனுப்பினார். மாஸ்டர் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அவருடைய படத்தை மாட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். மரியநாயகம் அண்ணைக்கு நடந்தது வேறு. கோயிலில் எங்கள் ஆட்கள் அவர் இருக்கும் வாங்கில் இருப்பதைக் குறைத்தார்கள். ஒரு கலியாண அழைப்பிதழைக் கொடுத்தவர்களே திரும்ப வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கள்ள வாக்குப் பெட்டிக்குச் சீல் வைத்தவர் என்று, "சீல் வச்ச மரியநாயகம்" என அவருக்கு ஒரு பெயரும் வந்தது. அவருக்கு அது தெரியும். தேர்தல் வேலைக்கு இனி வரமாட்டேன் என்று எங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். வாக்குப் பெட்டியைத் தான் தொடக்கூடாது என்று நினைத்தார். நான் வாதாடிப் பார்த்தேன். ஏலவில்லை.

"வருத்தப்படுறியளோ, சொன்னதுக்கு?" என்று கேட்டேன் ஒருமுறை.

"பிந்திச் சொன்னதுக்கு. மாஸ்டர் இருக்கேக்கை சொல்லியிருக்கோணும். செத்தவருக்கு அந்தத் தாளால என்ன பிரயோசனம்?"

அந்த ஆறு வருடமும் அவர் தனியே இருந்தார். காப்பகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. டன்ஷீலன் வரலாற்றை அதன் கடைசித் தேர்தல்வரை கொண்டுவந்து முடித்தார். அதில் மைக்கலின் அத்தியாயத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார் என்பது கொப்பிகளைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. முதலில் எழுதியதில் மைக்கலின் ஆறு பிள்ளைகளைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. அதை வெட்டிவிட்டு, ஜோன் லாலரின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியவில்லை, ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

சுவாசப்பையில் வந்த நோய். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை. நான் வேலை முடிந்து போய்ப் பார்ப்பேன். கடைசிக்கு முதல் நாள் மூக்கில் குழாயோடு இருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"நான் போன பிறகு ஆராவது என்னைப் பற்றி எழுதச் சொல்லுவினம். நீர்தான் எழுதுவீர்."

"இப்ப ஏன் அந்தக் கதை?"

"நல்லதை மட்டும் எழுதிப்போடாதேயும். மாஸ்டரின்ர பேரை எழுதும். முழுப் பேரையும் எழுதும்."

எழுதியிருக்கிறேன். தம்பையா கனகசபை. துவக்குக்கு முன்னால் கையெழுத்து வைக்க மறுத்தவர்.

அடக்கத்துக்கு இருபது பேர் வரை வந்தார்கள். அதில் பாதிப் பேர் நோராவின் பக்கத்து அயர்லாந்துக்காரர்கள். பவானி அக்கா வரவில்லை. அவர் வரவேண்டும் என்று நான் எதிர்பார்த்தது தவறு. அன்று மழைத் தூறல். குழிக்குள் மண் போட ஆள் போதாமல் ஐலீனும் நானும் இரண்டு முறை போட்டோம். சுவாமி ஆங்கிலத்தில் செபித்தார். முடிவில் நான் தனியே தமிழில் ஒரு 'அருள்நிறை மரியே' செபம் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் தலை குனிந்தார்கள்.

கொப்பிகள் பதினொன்றும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஐலீன் தன் தாயின் ஆட்களைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வீட்டுக்குப் போய் ஒவ்வொரு பக்கமாக ஆங்கிலத்தில் சொல்லி வருகிறேன். நேற்று விடுதியில் அடைக்கப்பட்ட ஆறு பேர்வரை வந்தோம். மைக்கல் இன்னும் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை மரணப் பதிவுகளின் பட்டியல் வழக்கம்போல் எங்கள் பிரிவுக்கு வந்தது. அதில் உள்ளவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்குவது எங்கள் வேலை. பக்கத்து மேசைப் பெண் விஷயம் அறிந்தவள். தான் செய்வதாகச் சொன்னாள். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். அவருடைய பெயரைத் தேடி எடுத்தேன். கணினி காரணம் கேட்டது, கொடுத்தேன். உறுதிதானா என்று கேட்டது. கொஞ்ச நேரம் கையை எடுத்து மடியில் வைத்திருந்துவிட்டு, அழுத்தினேன். பெயர் போனது. அந்த வீட்டிலக்கத்துக்கு நேரே, இம்முகவரியில் வாக்காளர் எவரும் இல்லை என்று வந்தது. கீழே அடுத்த வீட்டுக்காரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலேறி வந்து நின்றன.

போங்கோ அண்ணை. இனி உங்களிடம் கேட்பதற்கு ஒருவரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.